ஆணியில்லா முக்காலி

அத்தியாயம் ஆறு

"மிஸ், இந்த முக்காலிக்கு சிகரட் பழக்கம் ஈக்கிது போல."

பைஸர் அடித்த ஜோக்குக்கு ஷாமிலா சிரிக்கவில்லை. அவளுக்கு மூன்று நாளாகத் தடிமன். மூக்கு அடைத்து, காதும் அடைத்து, உலகமே ஒரு மைல் தள்ளி எங்கோ நடந்துகொண்டிருப்பது மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு இந்த மழை. ஆனி மாதத்துப் பூண்டுலோயா மழை அடித்தும் பெய்யாது, ஓய்ந்தும் தொலையாது. பொன்னையாவின் தச்சுப் பட்டறைத் தகரத்தில் காலையிலிருந்து அது முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

முக்காலி பட்டறை மேசைமேல் நின்றது. நின்றது என்ன, இரண்டு காலில் சாய்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது கால் கழன்று பக்கத்தில் கிடந்தது. உட்காரும் பலகையில் ஒவ்வொரு காலுக்கும் நேராக விரல் தடிமன் மரக்குச்சி ஒன்று இறங்கியிருந்தது. அந்தக் குச்சியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம், யாரோ நெருப்பை வைத்து அமுக்கினாற்போல. பைஸருடைய சிகரட் அதுதான்.

"இரும்பு ஆணி ஒண்ணாச்சும் இருக்கா பாருங்க, மிஸ்," என்றார் பொன்னையா. "பசையும் இல்ல. இது கிஷாந்த் வேல. இலங்கையில வேற எவன் செய்றான்னு எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் எவனும் இல்ல."

"எப்படிச் செய்றது?"

"ஓட்ட சின்னதாப் போடணும். குச்சி கொஞ்சம் பெருசா இருக்கணும். குச்சிய டிரில் மெசின் வாயில மாட்டி, வேகமாச் சுத்தவிட்டு, அப்படியே ஓட்டையில வச்சு அமுக்குவான். குபுகுபுன்னு புகை வரும். சீனி கருகுற வாசம் அடிக்கும். மரம் தன் சூட்டுலயே எளகிடும் மிஸ், மெழுகு மாதிரி. டக்குனு மெசின நிப்பாட்டிட்டு அசையாம நிப்பான். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிது. குச்சியும் பலகையும் ஒண்ணு. பிரிக்கணும்னா ஒடைக்கத்தான் வேணும்."

"இதுல என்ன அதிசயம்?" என்றார் பைஸர். "நானும் என்ட ரஸீனாவும் இருபத்திரண்டு வருஷமா இதத்தானே செய்றோம். உரசிக்கிட்டே ஈக்கிறோம், நல்லாப் புகையுது, பிரியல்ல."

பொன்னையா விழுந்து விழுந்து சிரித்தார். ஷாமிலாவுக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. அதற்குமேல் அசையவில்லை, ஏனென்றால் இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி.

வழக்கு இதுதான். போன கார்த்திகையில் மலை சரிந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான கீழ்ப்பிரிவு லயத்தில் பாதியை மண் வாரிக்கொண்டு போனது. போனவர்களில் இருபத்தேழு வயது கிஷாந்தும் ஒருவன். ருமேனியாவில் மேசை நாற்காலி செய்யும் தளபாடக் கம்பனி ஒன்றில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பியவன். பதினொரு உடல் எடுத்தார்கள், அவனுடையது கிடைக்கவில்லை. அவனுடைய அம்மா மீனம்மாவைத் தோட்டத்துப் பழைய பிள்ளைக்காம்பராவில் தங்கவைத்தார்கள். ஒரு காலத்தில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன அந்தக் கட்டடத்தில் ஐந்து குடும்பம் இருந்தது. நாலு குடும்பம், காணாமல்போன தங்கள் ஆட்கள் இறந்துவிட்டார்கள் என்று கையெழுத்துப் போட்டு, புது வீட்டுப் பட்டியலில் ஏறிப் போய்விட்டது. மீனம்மா மட்டும் போடவில்லை. இப்போது அந்த நீளமான கட்டடத்தில் அவர் தனி ஆள். திங்கட்கிழமையோடு பட்டியலை மூடுகிறார்கள். கையெழுத்து இல்லையென்றால் வீடும் இல்லை.

அவர் போடாததற்குக் காரணம் இந்த முக்காலிகள். மாசியில் ஒன்று, சித்திரையில் ஒன்று, போன வெள்ளிக்கிழமை மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் வெள்ளிக்கிழமை, அவர் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வேளையில் பிள்ளைக்காம்பரா வாசற்படியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்திருக்கும். மகனுக்கு மட்டுமே தெரிந்த வேலை. ஊருக்கு இது போதாதா? கிஷாந்த் சாகவில்லை, எங்கோ ஒளிந்திருக்கிறான் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. "மகன் உசுரோட இருக்கான், கண்டுபுடிச்சுத் தாங்க" என்று மீனம்மா ஷாமிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

ஷாமிலாவுக்கு வயது நாற்பத்து மூன்று. பத்தொன்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். சிங்களத்தில் கேட்பதைத் தமிழில் சொல்லி, தமிழில் அழுவதைச் சிங்களத்தில் சொல்லி அலுத்துப்போய் வேலையை விட்டாள். கொட்டகலை ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகை அறையில் தனியாக இருந்துகொண்டு இந்தத் துப்பறியும் தொழிலைச் செய்கிறாள். உதவிக்கு ஆட்டோ ஓட்டுகிற பைஸர். சில நாட்களில் அவளோடு பேசுகிற ஒரே மனிதக் குரல் அவருடையதுதான். அதனால் அவர் ஜோக்குகள் எவ்வளவு மொக்கையாக இருந்தாலும் அவள் தடுப்பதில்லை.

"பொன்னையாண்ணே, நீங்க இதச் செஞ்சு பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாக்காமலா? அவன் பக்கத்துலயே நின்னு பாத்தவன் நான். எனக்கு நாரு நாராப் பிஞ்சு வந்திச்சே தவிர ஒட்டல்ல. ஈரம், மிஸ். நம்ம ஊருல விறகுகூட அழுதுகிட்டுத்தான் எரியும். குச்சி எலும்பு மாதிரி காஞ்சிருக்கணும். கிஷாந்த் மட்டும் திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழம ஒரு பை நெறைய காஞ்ச குச்சி கொண்டாருவான். எங்கடா காயவைக்கிறன்னா சிரிப்பான். கடைசிவரைக்கும் சொல்லல்ல பய."

ஷாமிலா நிமிர்ந்தாள். இந்த மழை நாட்டில் ஒருவனிடம் மட்டும் வெயில் இருந்திருக்கிறது.

"இந்தக் கால் ஏன் கழண்டது?"

"இதுக்கு ஒரே எதிரி தண்ணிதான். வீட்டுக்குள்ள இருந்தா பேரன் காலத்துக்கும் கெடக்கும். மழையில ஒரு பகல் முழுக்க நின்னா ஒட்டு விட்டுரும். வாங்குறவங்ககிட்ட சத்தியம் வாங்காத குறையாச் சொல்லித்தான் குடுப்பான்."

வெள்ளிக்கிழமை பகல் மழை பிடித்துக்கொண்டது. வாசற்படியில் இருந்த முக்காலி சாயங்காலம் மீனம்மா வரும்வரை நனைந்தது. சரி, அவசரத்தில் வைத்துவிட்டு ஓடியிருப்பான் என்று ஷாமிலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது அவள் செய்த தப்பு. பிறகுதான் தெரிந்தது.

"குச்சிய உருவித் தாங்கண்ணே."

பொன்னையா குறட்டால் பிடித்துத் திருகினார். கறுத்துச் சுருங்கிய குச்சி வெளியே வந்தது. ஷாமிலா முகர்ந்தாள். அவள் மூக்குக்கு அதுவும் ஒன்று, வெறும் காற்றும் ஒன்று. பைஸரிடம் நீட்டினாள். அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"செல்லுங்க நானா, என்ன வாசம்?"

பைஸர் கண்ணை மூடிக்கொண்டு அத்தர் பார்க்கிற தோரணையில் இழுத்தார். "கருகின சீனி. அதுக்குக் கீழ..." மறுபடி இழுத்தார். "தேத்தண்ணி, மிஸ்."

"இங்க எல்லாத்துலயும்தான் தேயில வாசம்," என்றார் பொன்னையா.

"அது பச்சத் தேயில வாசம். இது தூள் வாசம். கடையில தேயிலப் பெட்டிய ஒடச்சதும் வருமே, அந்த வாசம். நான் பதினஞ்சு வருஷம் மாமாட தேத்தண்ணிக் கடையில கோப்ப கழுவினவன் மிஸ். என்ட மூக்கு பொய் செல்லாது. வாய்தான் செல்லும்."

ஷாமிலா குச்சியைக் கைக்குட்டையில் சுற்றினாள். மழையும் பனியுமான இந்த மலையில் வருடம் முழுக்க நெருப்புக் காற்று வீசுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைக் காயவைக்கிற ட்ரையர். கீழ்ப்பிரிவு தொழிற்சாலையை மூடி எட்டு வருடமாகிறது. ஓடுகிறது இரண்டு மைல் மேலே, சின்னமலைத் தோட்டத்தில்.

"கிளப்புங்க நானா!"

ஆட்டோ கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறியது. பனி கண்ணாடியை மூடியது.  தொழிலில் ஆசைப்படுவது ஆகாது என்று ஷாமிலாவுக்குத் தெரியும். ஆனாலும் ஆசை வந்துவிட்டது. அந்தப் பையன் உயிரோடு இருக்கவேண்டும், ட்ரையருக்குப் பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு திருட்டு முழி முழித்துக்கொண்டு நிற்கவேண்டும், அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மீனம்மா முன்னால் நிறுத்தவேண்டும். இத்தனை வருடத்தில் அவள் யாருக்கும் ஒரு நல்ல செய்தி கொண்டுபோனதில்லை. கொண்டுபோனதெல்லாம் தீர்ப்புகள்தான்.

சின்னமலைத் தொழிற்சாலையின் டீமேக்கர் ஆண்டியப்பன். தேயிலைத் தூளின் பதம் பார்ப்பதே அவர் உத்தியோகம். ஷாமிலா காட்டிய படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைய மண்ணு கொண்டுபோன பெறகு நான் பாக்கல்லீங்க. புதுசா ஆம்பள ஆளு யாரும் வேலைக்கு வரல்ல. வந்தாத்தானே! இருக்கிறவனெல்லாம் கொழும்புக்கு ஓடிட்டான். ட்ரையர்ல இப்ப மூணு பேரு. மதுரனத் தவிர மத்த ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க."

ட்ரையர் அறைக்குள் நுழைந்ததும் ஷாமிலாவின் மூக்கடைப்பு பட்டென்று திறந்துகொண்டது. அப்படி ஒரு சூடு. ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஈரத் தூள் ஏறி, மறுபக்கம் மொறுமொறுவென்று கறுப்பாக விழுந்தது. மூன்று பேர் தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். மதுரன் முப்பது வயதுக்காரன், தொந்தி போட்டவன். அவனருகில் ஒரு நடுவயதுப் பெண். ட்ரையர் வாயில் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தது ஒல்லியான ஒரு பெண், பெயர் நிஷாந்தி.

பைஸர் ஃபோனில் இருந்த கிஷாந்தின் படத்தையும் மதுரனையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மூக்கு வேற, மிஸ். உயரம் வேற. வயிறு முழுக்க வேற. ஒளிஞ்சு வாழ்றவன் இவ்வளவு சாப்பிட ஏலாது."

ஷாமிலா ட்ரையரைச் சுற்றி வந்தாள். சூடான காற்று வருகிற தகரக் குழாய்க்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில், ஒரு கொக்கியில் சாக்குத் துணியில் தைத்த பை தொங்கியது. அவிழ்த்தாள். உள்ளே விரல் தடிமனில் மரக்குச்சிகள். ஒவ்வொன்றும் ஒரே நீளம். இரண்டைத் தட்டிப் பார்த்தாள், கணீரென்று சத்தம் வந்தது.

"இது யாரோடது?"

மதுரன் பார்த்தான். நடுவயதுப் பெண் பார்த்தாள். நிஷாந்தி கூட்டுகிற கையை நிறுத்தவில்லை. எனக்குத் தெரியாதுங்க, எனக்கும் தெரியாதுங்க என்று பதில் வந்தது. ஆண்டியப்பன் பதறிப்போனார். "ட்ரையர்கிட்ட மரம் வைக்கக் கூடாதுன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்! தேயில வாசம் கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது?"

மூன்று முகம். நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடம் பார்த்த முகங்கள்தான். கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். ஷாமிலா பைஸர் பக்கம் கையை நீட்டினாள்.

"நானா, உங்க தண்ணிப் போத்தலக் குடுங்க."

"தாகமா மிஸ்?"

"இல்ல. தீப்புடிக்கிற சாமான் சூட்டுல கெடக்கு. நனைச்சு வைப்போம்."

மூடியைத் திறந்து பைக்கு மேலே போத்தலைச் சாய்த்தாள்.

"ஐயோ, தண்ணி படக் கூடாது!"

விளக்குமாறு கீழே விழுந்தது. நிஷாந்தி ஓடிவந்து பையைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. போத்தலிலிருந்து ஒரு சொட்டுக்கூட விழவில்லை. ஷாமிலா விரலால் அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"மெச்சினேன் மிஸ்," என்று பைஸர் மெதுவாகச் சொன்னார். "ஆனா என்ட தண்ணி சூடாகிட்டுது."

வெளியே விறகுக் கொட்டகையில் வைத்து ஷாமிலா கேட்டாள். பனி கொட்டகை வாசல் வரைக்கும் வந்து நின்றது. பைஸரைத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தாள்.

"கிஷாந்த் எங்க?"

நிஷாந்தி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே ஷாமிலாவுக்குப் புரிந்துபோயிற்று. ஆசை எல்லாம் ஒரு நொடியில் வடிந்தது.

"மண்ணுக்குள்ள," என்றாள் நிஷாந்தி. "ஒங்களுக்குத் தெரியாதா மிஸ்?"

"அப்ப முக்காலி?"

"நான்தான்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இரண்டு வருடப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கொட்டகையில்தான் அவன் வேலை செய்வான். அவள் பலகையைப் பிடித்துக்கொள்வாள், குச்சிகளை அவள்தான் ட்ரையருக்குப் பின்னால் காயவைத்துக் கொடுப்பாள். பார்த்துப் பார்த்து அவளுக்கும் கை வந்துவிட்டது. தை பிறந்ததும் அவள் வீட்டில் வந்து பேசுவதாக இருந்தான். அதுவரை ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது என்று இருவரும் பொத்திப் பொத்தி வைத்தார்கள். கார்த்திகையில் லயத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லை. மெசினின் பட்டரியைச் சார்ஜ் போடச் சொல்லி மெசினோடு அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்குத்தான் மலை சரிந்தது.

"மறுநாள் நானும் சனத்தோட சனமா நின்னு மண்ணு தோண்டுறதப் பாத்தேன் மிஸ். பக்கத்துல நின்ன அக்கா கேட்டாங்க, ஏன்டி இப்படி நடுங்குறன்னு. குளிருதுன்னு சொன்னேன். அதுக்கு அடுத்த நாள் வேலைக்கு வந்துட்டேன். வராம இருக்க என்ன காரணம் சொல்றது? எனக்கு யாரு செத்தான்னு சொல்றது?"

ஷாமிலா ஒரு விறகுக்கட்டையை இழுத்துப்போட்டு அவளை உட்காரவைத்தாள். 

"எதுக்கு முக்காலி செஞ்சீங்க?"

"ஆறு முக்காலிக்கு வெட்டி வச்சிருந்தாரு. எங்க வீட்டுக்குன்னு. அத அப்படியே போட்டு வைக்க முடியல்ல. மூணு செஞ்சிட்டேன்." பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். "குச்சி உள்ள எறங்கையில நல்லாப் புகை வரும் மிஸ். கண்ணு எரியும். அப்ப அழுதா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க."

வெட்டவெளியில் ஒரு லொறி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.  

"அந்தம்மாகிட்ட ஏன் வச்சீங்க? அவங்க மகன் உயிரோட இருக்கான்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. வீடு கைவிட்டுப் போவுது."

நிஷாந்தியின் முகம் வெளுத்தது. "அப்படி நெனைப்பாங்கன்னு சத்தியமா எனக்குத் தோணல்ல! அவரோட மரம். எனக்கு என்ன உரிமை இருக்கு வச்சிக்க? அவங்களுக்குத்தானே சேரணும். கதவத் தட்டிக் குடுக்கப் பயம். யாரும்மா நீன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"வாங்க, போவோம்."

"நான் யாருன்னு வர்றது மிஸ்?"

 ஆனாலும் நிஷாந்தி வந்தாள். ஆண்டியப்பன் ஏன் எதற்கென்று கேட்காமல் அனுப்பிவைத்தார், நல்ல மனுசன். வழி நெடுக அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். பைஸர் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அவர் அவ்வளவு தூரம் வாயை மூடிக்கொண்டு ஓட்டியது அதுதான் முதல் தடவை.

பிள்ளைக்காம்பரா வாசலில் ஆட்டோ நின்றபோது நிஷாந்தி இறங்கமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஷாமிலா தனியாக உள்ளே போனாள்.

நீண்ட கூடம். ஒரு காலத்தில் தொட்டில் கட்டிய கம்பிகள் வரிசையாக மேலே இருந்தன. கடைசி மூலையில் ஒரு அடுப்பு, ஒரு பாய், இரண்டு முக்காலி, மீனம்மா. அவ்வளவு பெரிய இடத்தில் அவர் இருப்பதே தெரியவில்லை.

ஷாமிலா நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயந்தாள்.

"மீனம்மாக்கா, முக்காலி செஞ்சது கிஷாந்த் இல்ல. அவரு..." பத்தொன்பது வருடப் பழக்கம் கைகொடுக்கவில்லை. "அவரு உயிரோட இல்ல, அக்கா."

மீனம்மா அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கி வைத்தார்.

"தெரியும் மிஸ்," என்றார்.

"என்ன?"

"மொத முக்காலி வந்த அன்னைக்கே தெரியும். உசுரோட இருந்து, என் வாசப்படி வரைக்கும் வந்து, உள்ள ஏறி ஒரு வாய் தேத்தண்ணி கேக்காமப் போற புள்ளையா அவன்? சாவிய எங்க இருந்தாலும் நெலைக்கு மேலதான் வப்பேன். அவனுக்குத் தெரியும். தொறந்து உள்ள வச்சிருப்பான். அவன் செஞ்ச சாமான மழையில நனைய விடுவானா? சொல்லுங்க."

ஷாமிலாவுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. பொன்னையா வாயாலேயே கேட்டாளே! ஒட்டு தண்ணீரில் விட்டுப்போகும் என்று தெரிந்தவன் வாசலில் வைப்பானா? கண் முன்னால் கிடந்த துப்பு. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"பின்ன ஏன் மகனத் தேடச் சொன்னீங்க?"

"பொய்தான் சொன்னேன். செத்தவனுக்காக யாரு தேடுவா? முக்காலி செஞ்ச ஆளத் தேடுங்கன்னு சொன்னா பொலிஸு சிரிக்கும், நீங்களும் சிரிச்சிருப்பீங்க. உசுரோட இருக்கான்னு சொன்னாத்தானே காலத் தூக்குவீங்க." மீனம்மாவின் குரல் உயரவே இல்லை. "எங்கியோ ஒரு ஆளு எம்புள்ளைய நெனச்சுக் கை வலிக்க ஒழைக்குது மிஸ். அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நானே இன்னும் அழல்ல. ஒடம்பு வரல்ல, எழவு வீடுன்னு ஒண்ணு இல்ல. லயத்துல எல்லாருக்கும் அவங்கவங்க சாவு. கட்டிப்புடிச்சு அழ யாரு இருந்தா? ஒத்தையில உக்காந்து ஒப்பாரி வச்சாப் பைத்தியம்னு சொல்லுவாங்க. கையெழுத்துப் போட்டா மறுநாளே காரியம் வைக்கணும். அவனுக்காக அழ ஒரு ஆளு இருக்கையில, அத விட்டுப்புட்டு நான் மட்டும் எப்படி வப்பேன்? வீடு போனாப் போவட்டும்னு இருந்தேன்." சேலை முந்தானையில் கையைத் துடைத்தார். "யாரு மிஸ் அது?"

ஷாமிலா வாசல் பக்கம் கையைக் காட்டினாள். 

மீனம்மா செருப்புப் போடாமல் தூறலில் இறங்கினார். ஆட்டோவின் பக்கத் திரையை விலக்கினார். உள்ளே பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். தலைக்கட்டு, தேயிலைத் தூள் அப்பிய முகம், நடுங்குகிற உதடு. நெடுநேரம் பார்த்தார்.

"எறங்கும்மா."

"அம்மா, நான் தெரியாமச் செஞ்சிட்டேன். என்னய மன்னிச்சி..."

"அம்மா இல்ல. அவன் கட்டிக்கிட்டு வந்திருந்தா என்னய என்னான்னு கூப்புடுவ?"

நிஷாந்தியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஏழு மாதம் அடக்கிப் பழகிய வாய்.

"அத்தே," என்றாள் காற்றாக.

"சத்தமாக் கூப்புடு."

"அத்தே!"

அது வெறும் கூப்பாடு இல்லை. நிஷாந்தி ஆட்டோவிலிருந்து விழாத குறையாக இறங்கினாள். மீனம்மா அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் நனைந்த தரையில் அப்படியே மடிந்து உட்கார்ந்து, ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். "என் ராசாவே" என்று மீனம்மா தலையை ஆட்டி ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தார். நிஷாந்தி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பைஸர் தொப்பியைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷாமிலா கண்ணைத் துடைக்கவில்லை, துடைத்தும் பயனில்லை.

மேலே லயத்தில் ஒவ்வொன்றாகக் கதவு திறந்தது. பெண்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பனிக்குள் ஓடிவந்தார்கள். எழவுச் சத்தம் கேட்டால் யாரும் வீட்டுக்குள் இருக்கமாட்டார்கள்.

"யாரு மீனம்மா? யாருக்கு என்ன ஆச்சு?"

மீனம்மா அழுகையை ஒரு நொடி நிறுத்தினார். நிஷாந்தியின் தலையைத் தன் மார்பில் அமுக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எம்புள்ள செத்துப்போயிட்டான்," என்றார். "இவ என் மருமக."